தமிழ்க் கடிதத்தை விடுவிக்கும் வடிகட்டி: ஒரு திறந்த மூல முன்மொழிவு

மாம்புரிக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதியை இப்போது தபால்காரர் கொண்டுவருவதில்லை. மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்புமாக ஒடுங்கிக் கிடக்கும் இந்தக் கரையில் 2010இல் காற்றாலைகளின் முதல் கட்டம் இயங்கத் தொடங்கியது. அயலில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம். கற்பிட்டி வரைக்கும் கரை நெடுக, மே முதல் ஒக்டோபர் வரை காற்றையும் கைட் சேர்ஃபிங் ஆட்களையும் நம்பி நடக்கும் விடுதிகள். இவற்றோடு பாடசாலை, பள்ளிவாசல், தேவாலயம், மீன் வியாபாரி, மரக்கறித் தோட்டக்காரர், வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடு. எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு, அதைத் திறந்து பாராதவர்களுக்குங்கூட.

இந்த முகவரிகளுக்கு வரும் தமிழ்க் கடிதம் பெறுநரின் கண்ணில் படுமுன் ஒரு மென்பொருளின் கையில் நிற்கிறது. உள்ளே விடுவதா, ஸ்பாம் பெட்டியில் போடுவதா என்று தீர்ப்பது அது. உலகில் புழங்கும் திறந்த மூல வடிகட்டிகளில் பெரும்பாலானவை ஆங்கிலக் குப்பையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவை. தமிழைக் கண்டால் அவை ஏமாறுவதில்லை. குழம்பிப்போய்ப் பேசாமல் நிற்கின்றன. இந்தக் குறையைத் தீர்க்கத் தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை, இருக்கிற வடிகட்டியில் சொருகக்கூடிய ஒரு சிறு கூறு போதும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதன் முதல் வேலை தமிழ் ஸ்பாமைப் பிடிப்பதும் அல்ல. பிழையாகப் பிடிபடும் தமிழ்க் கடிதத்தை விடுவிப்பது.

வேண்டாத மின்கடிதத்துக்கு வயது அதிகம். 1978 மே மாதம் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்குத் தம் கணினிகளைப் பற்றி ஒரே விளம்பரத்தை அனுப்பியதுதான் முதலாவது என்பார்கள். இலங்கையில் அப்போது மின்னஞ்சலே இல்லை. 1990இல் மொரட்டுவப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, லேர்ன் என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாகத்தான் அது இங்கே வந்தது. தொலைபேசி இணைப்பில் கடிதங்களைக் கட்டுக்கட்டாக அனுப்பிப் பெற்ற காலம் அது. குப்பைக்கு அன்று இடமிருக்கவில்லை.

வடிகட்டிகளின் வரலாற்றில் நமக்கு வேண்டியவை இரண்டு. 2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பாம்அசாசின் ஒன்று. 2004இல் அது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டமானது. மற்றது 2002 ஓகஸ்டில் போல் கிரகாம் எழுதிய கட்டுரை. அறிஞர்கள் சிலர் 1998லேயே ஆராய்ந்திருந்த பேய்ஸ் நிகழ்தகவு முறையைச் சாதாரண நிரலரும் கையாளலாம் என்று அது காட்டியது. ஸ்பாம் என்று ஒதுக்கிய கடிதங்களிலும் நல்ல கடிதங்களிலும் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, புதிதாக வரும் கடிதத்தின் சொற்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்ப்பதே அந்த முறை. எளிமையான யோசனை. இன்றும் வேலை செய்கிறது.

ஸ்பாம்அசாசின் புள்ளி போடும். நூற்றுக்கணக்கான சோதனைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு; கூட்டுத்தொகை 5ஐத் தொட்டால் அது ஸ்பாம். அனுப்பிய சேர்வர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா, தலைப்பு முறையாக அமைந்திருக்கிறதா, இணைப்பு எங்கே போகிறது என்று பலதையும் பார்த்துவிட்டுப் பேய்ஸ் கணக்கின் தீர்ப்பையும் ஒரு புள்ளியாகச் சேர்த்துக்கொள்ளும். நிச்சயம் ஸ்பாம் என்று பேய்ஸ் சொன்னால் 3.5 புள்ளி கூடும். நிச்சயம் நல்லது என்றால் 1.9 புள்ளி குறையும். எனக்குத் தெரியவில்லை என்று அது கையை விரித்தால்? நீண்டகாலமாக வழங்கும் இயல்பு அமைப்பில் அதற்கும் 0.8 புள்ளி கூடுகிறது.

தமிழ்க் கடிதத்தின் சிக்கல் முழுவதும் இந்த 0.8இல் இருக்கிறது. அந்த எண்ணை யாரும் தமிழுக்கு எதிராக வைக்கவில்லை. நல்ல கடிதமாக இருந்தால் பழகிய சொற்கள் இருக்கும், எந்தப் பக்கமும் சாயாத கடிதம் சற்றுச் சந்தேகத்துக்குரியது என்பது கணக்காக இருக்கலாம்; ஆங்கிலத்துக்கு அது நியாயமுந்தான். தமிழ்க் கடிதத்துக்கோ பேய்ஸ் தரக்கூடிய 1.9 புள்ளிச் சலுகையும் போய், மேலே 0.8 சுமையும் ஏறுகிறது. இரண்டுக்கும் இடையில் 2.7 புள்ளி. மொத்த எல்லையே 5 என்னும்போது இது சிறிய வித்தியாசமல்ல. பிரதேச செயலகமோ வலயக் கல்வி அலுவலகமோ பயன்படுத்தும் சேர்வரின் அமைப்பில் சின்னப் பிழையொன்று இருந்து, தலைப்பில் தமிழைக் குறியேற்றாமல் அப்படியே போட்டுவிடும் பழைய மென்பொருள் ஒன்றும் சேர்ந்துகொண்டால், கூட்டக் கடிதம் ஸ்பாம் பெட்டிக்குப் போய்ச் சேரும். கூட்டம் முடிந்த பிறகுதான் அது யார் கண்ணிலாவது படும்.

பேய்ஸ் ஏன் தமிழில் பேசாமல் நிற்கிறது? பயிற்சி போதாமை ஒரு காரணம். நல்லது 200, கெட்டது 200 என்று குறைந்தது 400 கடிதங்களையாவது பார்த்த பின்தான் ஸ்பாம்அசாசினின் பேய்ஸ் வாய் திறக்கும். அதைவிட ஆழமான காரணம், சொல்லை அது வெட்டும் விதம்.

கணினிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூனிகோட் எண் ஒன்றாக இருக்கிறது. அதை அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும். ‘கணக்கிலிருந்து’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். வங்கி மோசடிக் கடிதத்திலும் வரும், வங்கியின் உண்மையான கடிதத்திலும் வரும். நாம் படிக்கும்போது அதில் 8 எழுத்து. மெய்க்கான புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணும் யூனிகோடில் 14 குறி. பைட்டில் 42. ஸ்பாம்அசாசினின் பேய்ஸ் பகுதி, சொல்லின் நீளத்துக்கு 15 என்று ஓர் எல்லை வைத்து எழுதப்பட்டது. பழைய பதிப்புகளில் எண்ணப்பட்டது பைட். ஆகவே 5 குறிக்கு மேற்பட்ட எந்தத் தமிழ்ச் சொல்லும் அதற்கு ‘மிக நீண்ட’ சொல். நீண்ட சொல் ஆங்கிலமாக இருந்தால் முதற்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். பிற எழுத்தாக இருந்தால் துண்டு துண்டாக உடைத்துவிடும். ஏதாவது ஆசிய மொழியாக இருக்கலாம் என்று ஊகித்து, சொற்களுக்கு இடையில் இடைவெளி விடாத சீனத்தையும் ஜப்பானியத்தையும் மனதில் வைத்து எழுதிய நிரல் அது. சீனத்தில் ஒற்றை எழுத்துக்கும் பொருளுண்டு. தமிழில் ‘க’வை மட்டும் பிய்த்து எடுத்து எண்ணினால், உலகத்தின் எல்லாத் தமிழ்க் கடிதத்திலும் ‘க’ இருக்கிறது என்பது மட்டுமே தெரியவரும்.

2022 டிசம்பரில் வெளிவந்த 4.0 பதிப்பில், பன்மொழி எழுத்துகளைக் கையாள்வதைப் பெரிதும் திருத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் எல்லையை எப்படி எண்ணினாலும், எவ்வளவு தளர்த்தினாலும், தமிழின் இயல்பு அப்படியே இருக்கிறது. கணக்கு, கணக்கை, கணக்கைச், கணக்கின், கணக்குக்கு, கணக்கிலிருந்து, கணக்குகளிலிருந்தும்: நமக்கு ஒரு சொல்லின் உருவங்கள், எண்ணிக்கைப் பொறிக்கு ஏழு தனிச் சொற்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பலமுறை பார்த்தால்தான் அது ஏதாவது ஒரு பக்கம் சாயும். அடுத்து வரும் வல்லினத்துக்காக ஒரு ‘ச்’ கூடினாலும் அது வேறு சொல். சந்திப் பிழை விடாமல் எழுதும் தமிழாசிரியரின் கடிதம், ஒற்றே போடாத மாணவனின் கடிதத்தைவிடக் கூடுதலான ‘புதிய’ சொற்களோடு வரும் என்பது வேடிக்கை.

ஒரே எழுத்தைச் சேமிக்கும் முறையும் ஒன்றல்ல. ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, எண்ணிக்கையில் தெரியும். ‘கௌ’ எழுதும்போது பலர் உரிய குறியை விட்டு ‘ள’கரத்தையே தட்டிவிடுகிறார்கள். ‘ஸ்ரீ’க்கு இரண்டு குறித்தொடர்கள் புழக்கத்தில் உள்ளன. காலுக்குப் பதில் ‘ர’ விழுந்த கடிதங்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகளைச் சில விசைப்பலகைகள் இடையில் செருகிவிடுகின்றன. மோசடிக்காரன் வேண்டுமென்றே செய்யும் தந்திரங்களும் இவையே, சாதாரண மனிதர் தெரியாமல் செய்யும் பிழைகளும் இவையே. ஆங்கில வடிகட்டியில் இப்படி ஒத்த உருவ எழுத்தை மாற்றிப் போட்டவனுக்குத் தண்டனைப் புள்ளி போடுவது வழக்கம். அந்த வழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் முதலில் மாட்டுவது வயதான ஆசிரியர்களும் கிராம உத்தியோகத்தர்களுமாக இருப்பார்கள். ஒருசீராக்கி எண்ண வேண்டும், தண்டிக்கக் கூடாது.

இலங்கையில் இன்னொரு சிக்கல், பாமினி. அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னமும் வாழும் இந்த எழுத்துரு, தமிழைத் தமிழாகச் சேமிப்பதே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழின் உருவத்தை வைத்துவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி அங்கே அரைப்புள்ளியாகக் கிடக்கும். எழுத்துரு இருக்கிற கணினியில் அழகான தமிழ். வடிகட்டியின் கண்ணுக்கோ எந்த மொழியிலும் சேராத ஆங்கில எழுத்துக் குவியல், நடுநடுவே அரைப்புள்ளி. வேண்டுமென்றே கிறுக்கி வடிகட்டியைக் குழப்பும் ஸ்பாமும் ஏறக்குறைய இதே தோற்றத்தில்தான் வரும்.

இப்போது முன்மொழிவுக்கு வரலாம். ஸ்பாம்அசாசின் 3.0 பதிப்பிலிருந்து, அதாவது 2004 முதல், செருகுநிரல்களை ஏற்கிறது. மையநிரலைத் தொடாமல், பேர்ள் மொழியில் எழுதிய ஒரு கோப்பைச் சேர்த்து, கடிதம் சோதிக்கப்படும் வழியில் குறித்த இடத்தில் நம் வேலையைச் செய்துகொள்ளலாம். ஆர்ஸ்பாம்டி என்ற புதிய வடிகட்டியும் லூவா மொழிக் கூறுகளை இப்படியே ஏற்கிறது. நான் சொல்லும் கூறு மூன்று வேலை செய்யும். தமிழ்க் குறிகளை ஒருசீராக்கும். பாமினி போன்ற பழைய குறியேற்றத்தைக் கண்டால் எண்ணுவதற்காக மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளும். அதன்பின் சொல்லை எழுத்துக் கோவைகளாக வெட்டிப் பேய்ஸ் கணக்குக்குக் கொடுக்கும். கடிதத்தை அது திருத்தாது, பெறுநருக்குப் போகும் பிரதியில் ஒரு புள்ளியும் மாறாது.

முதலாவது வேலையில் ஓர் எச்சரிக்கை. அகலமற்ற இணைப்புக் குறியைத் தமிழில் தயங்காமல் தூக்கி எறியலாம். சிங்களத்தில் அதே குறிக்கு வேலை இருக்கிறது. சில கூட்டெழுத்துகள் அது இல்லாமல் உருவாகா. இலங்கையின் அரச கடிதம் ஒரே உடலில் மூன்று மொழியோடு வருவது. தமிழுக்கென்று எழுதிய கூறு பக்கத்துப் பத்தியில் உள்ள சிங்களத்தைச் சிதைத்து எண்ணினால், ஒரு மொழியின் குறையை இன்னொரு மொழியின் தலையில் கட்டியதாகிவிடும். ஆகவே எழுத்துத் தொகுதியைப் பார்த்துத்தான் ஒவ்வொரு விதியும் இயங்க வேண்டும். சிங்களம் அறிந்த ஒருவர் இந்தப் பகுதியைப் பார்க்காமல் இதை வெளியிடவே கூடாது.

மூன்றாவது வேலைதான் விவாதத்துக்குரியது. சொல்லை வேருக்குக் குறைத்து எண்ணினால் என்ன என்று முதலில் தோன்றும். ஸ்னோபால் என்ற திறந்த மூலத் தொகுப்பில் தமிழுக்கும் ஒரு வேர்ச்சொல் பிரிப்பி இருக்கிறது. எழுத்துத் தமிழுக்கு அது உதவும். ஆனால் மின்னஞ்சலில் எழுத்துத் தமிழ் மட்டுமா வருகிறது? புத்தளம் முஸ்லிம்களின் பேச்சும் யாழ்ப்பாணத்தின் பேச்சும் சென்னையில் இருந்து வரும் கடிதமும் ஒரே பெட்டியில் விழுகின்றன. இலக்கண விதியை நம்பிய பிரிப்பி பேச்சு வழக்கில் தடுமாறும். எனவே வேரைத் தேடுவதை விட்டுவிட்டு மூன்று மூன்று எழுத்தாக வெட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். யூனிகோட் குறி மூன்றல்ல, நாம் எழுத்து என்று எண்ணும் மூன்று. ‘கணக்கிலிருந்து’ அப்போது கணக், ணக்கி, க்கிலி, கிலிரு, லிருந், ருந்து என்று 6 துண்டாகும். முதல் துண்டு கணக்கின் எல்லா உருவங்களுக்கும் பொது. கடைசித் துண்டு மருந்திலும் விருந்திலும் வரும், எந்தப் பக்கமும் சாயாது. சாயாத துண்டுகளைப் பேய்ஸ் கணக்கே ஒதுக்கிவிடும். ஆக, விகுதியை வெட்ட இலக்கணம் தெரிய வேண்டியதில்லை, எண்ணிக்கையே வெட்டிவிடும்.

இது புதிய யோசனையல்ல. சொல்லை எண்ணுவதைவிட எழுத்துக் கோவைகளை எண்ணுவது ஸ்பாம் வடிகட்டலில் நம்பகமானது என்று கிரேக்க ஆய்வாளர்கள் சிலர் 2007இல் ஆங்கிலக் கடிதங்களை வைத்தே காட்டினார்கள். அதற்கும் முன், 1994இல், கவ்னர், டிரெங்கிள் இருவரும் எழுத்துக் கோவைகளின் அடுக்கை வைத்து ஓர் உரை எந்த மொழி என்று கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டனர். ஸ்பாம்அசாசினின் டெக்ஸ்ட்கேட் செருகுநிரல் அந்த முறையில் இயங்குவது, தமிழும் அதற்குத் தெரியும். ஆனால் அந்த அறிவு எதற்குப் பயன்படுகிறது? தான் படிக்கக்கூடிய மொழிகளைச் சேர்வர் நிர்வாகி பட்டியலிடுவார். பட்டியலில் இல்லாத மொழியில் கடிதம் வந்தால் 2.8 தண்டனைப் புள்ளி. சீனம் படிக்கத் தெரியாதவருக்குச் சீனக் கடிதம் ஸ்பாமாகத்தான் இருக்கும் என்ற நடைமுறை அறிவு அது. கொழும்பில் உள்ள நிறுவனமொன்றின் நிர்வாகி ஆங்கிலத்தை மட்டும் பட்டியலில் போட்டுவிட்டால், மாம்புரியில் இருந்து போகும் முறைப்பாடு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வடிகட்டியில் தமிழை அடையாளம் காணும் கருவி ஏற்கெனவே உண்டு. அதை விலக்குவதற்குப் பயன்படுத்தியது போதும், படிப்பதற்குப் பயன்படுத்தலாம்.

ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழை முதற்பதிப்பில் நான் சேர்க்க மாட்டேன். ஒரே சொல்லைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள், அதிலும் ‘ழ’வுக்கு ஆளுக்கொரு வழி. 2020 முதல் திராவிட மொழிக் கலப்பு உரைகளை வைத்து ஆய்வுப் போட்டிகள் நடந்து வருகின்றன; அவற்றின் தரவு யூடியூப் கருத்துகள். கருத்துப் பெட்டியில் ஏசுவதும் கடிதத்தில் ஏமாற்றுவதும் வேறு வேறு கலை.

முன்மொழிந்தால் ஏற்பார்களா? ஜப்பானியர் இந்த வழியில் முன்பே போயிருக்கிறார்கள். இடைவெளியில்லாத தங்கள் மொழியை வெட்டுவதற்குச் சொற்பிரிப்புக் கருவிகளை ஸ்பாம்அசாசினோடு இணைக்கும் திருத்தங்களை 2000களின் நடுவில் எழுதிப் பயன்படுத்தினார்கள். எழுத்துக் குறியேற்றத்தை ஒருசீராக்கும் வசதி மையநிரலில் வந்துசேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். அதில் நமக்குப் பாடமுண்டு. எல்லா மொழிக்கும் உதவும் பகுதி மையநிரலில் இடம்பெறும், ஒரு மொழிக்கு மட்டுமான பகுதி வெளியில் நிற்கும். ஆகவே மூவெழுத்து வெட்டைத் ‘தமிழ்க் கூறு’ என்று கொண்டுபோவதைவிட, தமிழ், சிங்களம், மலையாளம், கன்னடம், கெமர் என்று உயிர்க்குறி ஒட்டும் எழுத்துகள் அனைத்துக்குமான வெட்டு முறையாகக் கொண்டுபோவது புத்திசாலித்தனம். அரசியலும் அதுவே, பொறியியலும் அதுவே.

ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2003இல் லங்கா மென்பொருள் அறக்கட்டளை தொடங்கியதிலிருந்து இலங்கையர் அப்பாச்சித் திட்டங்களில் கணிசமாக எழுதிவருகிறார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் சில வாரங்களில் இங்கே எழுதிய சஹானா என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருள் உலகின் பல நாடுகளுக்குப் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது. கூகிளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் மொரட்டுவ மாணவர்கள் பல ஆண்டுகள் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் இடம்பெற்றார்கள். இல்லாதது வேறு. எழுதியதை ஐந்தாறு வருடம் விடாமல் பராமரிக்கும் ஏற்பாடு இல்லை. இறுதியாண்டு ஆய்வாகத் தொடங்கிப் பட்டமளிப்போடு அநாதையாகும் தமிழ் மென்பொருள்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

எல்லாரும் ஜிமெயில்தானே வைத்திருக்கிறார்கள், பிறகு யாருக்காக இது? நியாயமான கேள்வி. கற்பிட்டி விடுதிக்காரரின் ஜிமெயில் பெட்டியை இந்தக் கூறு நேரடியாகத் தொடாது. கூகிள் 2023 நவம்பரில், எழுத்தை மாற்றிப் போட்டு ஏமாற்றும் கடிதங்களையும் பல மொழிகளையும் சமாளிக்க ரெட்வெக் என்ற முறையைப் புகுத்தி, ஸ்பாம் கண்டறிதல் 38 வீதம் மேம்பட்டது, பிழையாகப் பிடிபடுவது 19.4 வீதம் குறைந்தது என்று அறிவித்தது. அதன் நிரல் திறந்த மூலம். ஆனால் அதைப் பழக்கிய கடிதங்கள் திறந்தவை அல்ல, தமிழுக்குத் தனியாக எவ்வளவு குறைந்தது என்று அந்த அறிவிப்பு பிரித்துச் சொல்லவுமில்லை. பெரிய நிறுவனத்தின் வடிகட்டி பிழை செய்தால் நாம் போய்ப் பார்க்க வழியில்லை.

சொந்தச் சேர்வர் வைத்திருக்கும் இடங்கள் வேறு கதை: பல்கலைக்கழகம், அரச திணைக்களம், வைத்தியசாலை, பத்திரிகை அலுவலகம், தொண்டு நிறுவனம். 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் மின்னஞ்சல் தளம் கப்பம் கேட்கும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள், அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட, மீட்க முடியாமல் போயின. பாதிக்கப்பட்ட கணக்குகள் சுமார் 5,000. மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்ட பழைய பதிப்பில் அந்தத் தளம் ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போது அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். தமிழ் தெரிந்த வடிகட்டி இருந்திருந்தால் அந்தத் தாக்குதல் நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை, அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. பொதுச் சேர்வரைப் பராமரிப்பது ஒருமுறை வாங்கி மறந்துவிடும் வேலையல்ல என்பதை அது காட்டியது. அந்தச் சேர்வர்களைத் திருப்பிக் கட்டும்போது தமிழும் சிங்களமும் படிக்கத் தெரிந்த வடிகட்டியை உள்ளே வைப்பதற்கு உரிமக் கட்டணம் எதுவும் கிடையாது.

இந்தக் கூறால் ஆகாத காரியங்களையும் மறைக்கக் கூடாது. முன்பதிவு இணையத்தளமொன்றின் பெயரில் விடுதிகளுக்கு வரும் மோசடிக் கடிதங்களைப் பற்றி மைக்ரோசொஃப்ட் 2025 மார்ச்சில் எச்சரித்தது; தெற்காசியாவும் இலக்கில் இருந்தது. விருந்தினரின் குறைகூறல் போலவோ கணக்குச் சரிபார்ப்பு போலவோ வரும் கடிதத்தின் இணைப்பைத் தட்டினால், சில விசைகளை அழுத்தச் சொல்லி, விடுதிக்காரரின் கையாலேயே நச்சு நிரலை ஓடவைக்கும் உத்தி. கற்பிட்டிக் கரை விடுதிகளின் வயிற்றில் அடிக்கக்கூடியது இதுதான். அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் வரும். அதன் சொற்கள் உண்மையான முன்பதிவுக் கடிதத்தின் சொற்கள். அங்கே தமிழ்க் கூறு ஒன்றும் செய்யாது. அனுப்புநரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஏற்பாடுகள் கொஞ்சம் செய்யும். 2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோரிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. தமிழ்க் கடிதம் ஸ்பாம் பெட்டியில் விழுகிறது என்று முறையிடும் நிறுவனங்கள், மொழியைக் குறைகூறுமுன் தங்கள் சேர்வரில் இந்த மூன்றும் சரியா என்று பார்ப்பது நல்லது.

எல்லாவற்றிலும் கடினம் தரவு. வடிகட்டியைப் பழக்கக் கடிதம் வேண்டும், கடிதமோ அந்தரங்கம். ஆங்கில ஆய்வுலகம் இதை ஒரு விபத்தால் கடந்தது. அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் சரிந்து, விசாரணையில் அதன் ஊழியரின் கடிதங்கள் 2003இல் பகிரங்கமாக்கப்பட்டன. சுமார் 5 இலட்சம் கடிதம் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. தமிழுக்கு அப்படியொரு விபத்து நேர வேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ளப் போவதில்லை. நேர்ந்தாலும், ஒரு நிறுவனத்தின் அலுவலகத் தமிழ் ஊரின் தமிழாகாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பிறர் கடிதத்தைச் சேர்த்துப் பொதுக் களஞ்சியம் அமைக்க எண்ணுபவர் அதைப் படித்துவிட்டே தொடங்க வேண்டும்.

ஸ்பாம்அசாசின் திட்டத்திலேயே இதற்கு ஒரு வழி நடைமுறையில் உள்ளது. பங்களிப்போர் தங்கள் கடிதங்களைத் தங்கள் கணினியிலேயே நல்லது, கெட்டது என்று பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். புதிய விதிகளை அங்கேயே ஓடவிட்டு, எந்த விதி எத்தனை கடிதத்தில் பட்டது என்ற பதிவை மட்டும் மையத்துக்கு அனுப்புகிறார்கள். கடிதம் வீட்டை விட்டுப் போவதில்லை. விதிகளின் புள்ளிகள் இப்படி வந்த பதிவுகளிலிருந்தே கணிக்கப்படுகின்றன. தமிழில் நாம் செய்ய வேண்டியதும் இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறை, கொழும்பில் ஒரு பத்திரிகை அலுவலகம், புத்தளத்தில் ஒரு தொண்டு நிறுவனம், சென்னையிலோ டொரண்டோவிலோ ஒரு பதிப்பகம் என்று சில இடங்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே பிரித்து, எண்ணிக்கையை மட்டும் பகிர்ந்தால் போதும்.

பழகிய பேய்ஸ் தரவையே பகிர்ந்துவிடலாமே என்று ஒரு குறுக்குவழி தோன்றும். ஸ்பாம்அசாசின் சொற்களை அப்படியே வைப்பதில்லை. மறைகுறிச் சுருக்கமாக மாற்றி, அதில் 5 பைட்டை மட்டும் சேமிக்கிறது. பார்த்தால் ஒன்றும் புரியாது. மூவெழுத்துத் துண்டுகளுக்கு இந்தப் பாதுகாப்புப் போதாது. தமிழில் வரக்கூடிய மூவெழுத்துக் கோவைகள் எல்லாவற்றையும் ஒரு சாதாரண கணினி சுருக்கிப் பட்டியலிட்டுவிடும், அதோடு ஒப்பிட்டால் எந்தத் துண்டுகள் இருந்தன என்று தெரிந்துவிடும். ஒரு வைத்தியசாலையின் தரவில் எந்த நோயின் துண்டு அதிகம் என்று அயலான் கணிக்க இடம்கொடுக்கக் கூடாது. எனவே பழகிய தரவு அந்தந்தச் சேர்வரிலேயே இருக்கட்டும், நிரலும் எண்ணிக்கையும் மட்டும் வெளியே வரட்டும்.

அளவிடும்போது ஒரே ஒரு எண்ணை முன்னால் வைக்கச் சொல்வேன்: ஆயிரம் நல்ல தமிழ்க் கடிதத்தில் எத்தனை ஸ்பாம் பெட்டிக்குப் போனது. பிடிபட்ட ஸ்பாமின் வீதத்தை ஆய்வுக் கட்டுரைகள் பெருமையாகப் போடும். ஒரு குப்பைக் கடிதம் தப்பி உள்ளே வந்தால் அழிக்க ஒரு விரல் போதும். நேர்முகத் தேர்வுக்கு வரச்சொன்ன கடிதம் வெளியே நின்றுவிட்டால் ஈடு கிடையாது. மொழிமாதிரிகளைக் கொண்டு பிழையில்லாத தமிழில் மோசடிக் கடிதம் எழுதுவது இன்று எளிதாகிவிட்டது; நல்ல தமிழ் என்பதற்காகவே ஒரு கடிதத்தை நம்பும் வடிகட்டியும் கெடும். அதனால்தான் ‘தமிழ் இருந்தால் புள்ளியைக் குறை’ என்ற எளிய விதியை எழுதாமல், எண்ணிக்கையைச் சரியாக எடுக்கும் வேலையோடு கூறு நிற்க வேண்டும் என்கிறேன். தீர்ப்பு பேய்ஸ் கணக்கினுடையது. அதற்குப் படிக்கக்கூடிய சாட்சியைக் கொடுப்பதுதான் நம் பங்கு.

ஸ்பாம்அசாசினின் வழுப்பதிவில் முதலில் போட வேண்டியது இந்த முழு முன்மொழிவு அல்ல. ஒருசீராக்கும் பகுதியை மட்டும், அப்பாச்சி உரிமத்தின் கீழ், சோதனைக் கோப்போடு போடலாம். ஒரே வாக்கியத்தின் இரண்டு குறியேற்ற வடிவங்கள், பாமினியில் ஒன்று, கூட்டெழுத்தோடு கூடிய சிங்கள வாக்கியம் ஒன்று, மும்மொழிக் கடித மாதிரி ஒன்று. எல்லாம் நாமே எழுதியவை, எவருடைய கடிதமும் அல்ல. பங்களிப்பாளர் உடன்பாட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டும். தமிழ் தெரியாத பராமரிப்பாளர் அந்தச் சோதனைகளை ஓட்டிப் பார்த்து, எதுவும் உடையவில்லை என்று தானே உறுதிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மூவெழுத்து வெட்டு அதற்குப் பிறகு, இரண்டு மூன்று சேர்வர்களின் எண்ணிக்கை கையில் கிடைத்ததும் போகலாம்.